வெகுளி

ஒரு படம் ஏமாற்றிவிட்டது என்று சொல்லும்போது, அதனிடம் எதையோ எதிர்பார்த்துப் போனோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். 2013 பிப்ரவரி 1 அன்று வெளியான மணிரத்னத்தின் ‘கடல்’ திரையரங்குகளில் தோற்றது. திரைக்கதை இழுவை, பாட்டுகள் நன்றாக இருந்தும் படம் நன்றாக இல்லை என்றெல்லாம் அப்போது பேசினார்கள். இழுவையான படங்களை விரும்பிப் பார்க்கிறவள் நான், அந்தக் குறைகள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் ஏமாற்றம் வேறு. நன்மை, தீமை, பாவம், மன்னிப்பு என்று இவ்வளவு பெரிய கேள்வியைக் கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் குறைவு. அதுவும் எங்கள் கடற்கரையில், எங்கள் பேச்சுக்குப் பக்கத்தில் வரும் மொழியில். அப்படிப்பட்ட படம் அந்தக் கேள்விக்குள் ஒரு பெண்ணைக்கூட ஏன் உட்காரவைக்கவில்லை என்பதுதான் பத்து வருடங்களுக்கு மேலாகியும் எனக்கு ஆறவில்லை.

படம் எடுத்த இடம் மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து தெற்கே குலசேகரன்பட்டினத்தைத் தாண்டிப் போனால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றும் அதன்மேல் 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயமும் தெரியும். 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை என்று ஒன்றைக் காட்டுவார்கள். செப்டம்பர் 14 திருவிழாவுக்கு ஊர் நிரம்பி வழியும். மற்ற நாட்களில் தெருவில் நடந்தால் பூட்டிய வீடுகளை எண்ணிக்கொண்டே போகலாம். இலங்கை வணிகத்தில் சம்பாதித்தவர்கள் கட்டிய பெரிய வீடுகள். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் வேன்களில் வருகிறவர்கள் குன்றின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது, இனி இந்தக் கரை எப்படி ஆகுமோ.

தூத்துக்குடியும் ஒருவகையில் அப்படித்தான். எங்கள் ஊருக்கு முத்துநகர் என்று பெயர், சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர். ஆனால் வணிக அளவில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன தொழில் அது. இங்கே துறைமுகம் இருக்கிறது, உப்பளம் இருக்கிறது, அனல்மின் நிலையம் இருக்கிறது. முத்து பெயரில் மட்டும் இருக்கிறது.

தேய்ந்துபோன கடற்கரை ஊர் என்றால் கேமராவுக்குத் தனிப் பிரியம். ராஜீவ் மேனன் மணப்பாட்டைப் படம்பிடித்த விதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மணலும் காற்றும் உப்பும் திரையிலிருந்து நம்மேல் படிகின்றன. ஆனால் அழகான சிதைவைப் பார்க்கும்போது ஒரு சந்தேகம் வர வேண்டும்: இந்த ஊரில் இன்றைக்கு யார் எதற்காக யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று படத்துக்குத் தெரியுமா? ‘கடல்’ படத்து ஊரில் மீன் இருக்கிறது, ஆனால் மீன் ஏலம் எடுக்கிற பெண்ணின் கடன் இல்லை. ஊர் என்பது மூன்று ஆண்களின் ஆன்மாவுக்கு விரித்த பாய்.

கதையை நினைவுபடுத்திக்கொள்வோம். சாம் பெர்னாண்டோ (அரவிந்த்சாமி) நல்ல பாதிரியார். பெர்க்மான்ஸ் (அர்ஜுன்) தன்னையே சாத்தான் என்று சொல்லிக்கொள்கிறவன். இருவருக்கும் நடுவில் தாமஸ் (கௌதம் கார்த்திக்), ஊர் ஒதுக்கிய ஒருத்தியின் மகன். அவன் யார் பக்கம் போவான் என்பதுதான் படம். அம்மா ஆரம்பத்திலேயே செத்துப்போகிறாள், அவளை மரியாதையில்லாமல் மண்ணுக்குள் தள்ளுகிறார்கள். அந்த அவமானம் மகனுடைய கோபமாகிறது, மகனுடைய கோபம் கதையாகிறது. அவளுக்கு என்று ஒரு கோபம் இருந்திருக்குமே என்று யாரும் கேட்கவில்லை. பெர்க்மான்ஸின் சதிக்குத் துணைபோகும் செலினா (லட்சுமி மஞ்சு) ஒருத்தி உண்டு. உண்மையில் இந்தப் படத்தில் ஒரு முடிவை எடுத்த பெண் அவள்தான். காதலுக்காகச் செய்தாளா, பயந்து செய்தாளா, பிறகு எப்படித் தூங்கினாள்? ஒரு நல்ல நாவலாசிரியர் அங்கேயே நூறு பக்கம் நின்றிருப்பார். படம் அவளைக் கடந்து போய்விடுகிறது.

பிறகு பியா. பியாட்ரிஸ். கன்னியர் மடத்தில் வளர்ந்தவள், செவிலியர் வேலை செய்கிறவள். சிறுவயதில் கண்ணால் கண்ட ஒரு கொடுமையால் மனம் குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிட்டவள். அந்தக் கொடுமைக்குக் காரணம் அவளைப் பெற்ற பெர்க்மான்ஸ்தான். அவளிடம் போய்ச் சேர்ந்தால் தாமஸின் பாவம் கழுவப்படும் என்பது படத்தின் நம்பிக்கை. அந்த வேடத்தில் நடித்தவர் அப்போது பள்ளி வயதுச் சிறுமி என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அது அவர் குற்றமல்ல. ஒரு முழு ஆணின் மீட்சிக்கு எத்தகைய பெண் வேண்டும் என்று நம் சினிமா நினைக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

வகுப்பில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கடற்கரை ஊரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி சொன்னாள்: “அந்தப் புள்ளைக்குக் கோவமே வரமாட்டேங்குதே மேம்.” பக்கத்திலிருந்தவள், “அது வெகுளிடீ, அதுக்கு எப்படிக் கோவம் வரும்?” என்றாள்.

அந்த இடத்தில் எனக்குப் பாடம் நின்றுபோனது. தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும், வெகுளி என்ற சொல்லுக்குப் பழைய பொருள் கோபம். திருக்குறளில் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, கோபம் கொள்ளாமை பற்றியது. தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் நகை, அழுகை, அச்சம் இவற்றோடு வெகுளியும் ஒன்று. அது எதனால் பிறக்கும் என்றும் நான்கு காரணங்களைச் சொல்கிறார்: உறுப்பைச் சிதைப்பது, குடியைக் கெடுப்பது, அடித்து அலைக்கழிப்பது, கொலை. இன்றைக்கு அதே சொல் எதுவும் அறியாதவளைக் குறிக்கிறது. வெகுளிப் பெண் என்றால் கோபக்காரி என்று இப்போது யாரும் நினைக்க மாட்டார்கள். இந்தப் பொருள் மாற்றம் எந்த நூற்றாண்டில் எப்படி நடந்தது என்பது அகராதிக்காரர்கள் பேச வேண்டியது. என் அக்கறை வேறு: தொல்காப்பியரின் கணக்குப்படி பியாவுக்கு வெகுளி வர எல்லாக் காரணமும் இருக்கிறது. கொலை இருக்கிறது, குடி கெட்டிருக்கிறது. படம் அவளுக்கு வெகுளியைத்தான் கொடுக்கிறது, ஆனால் இந்தக் காலத்து வெகுளியை.

இது சொல் விளையாட்டு இல்லை. அச்சம், நாணம் இவற்றோடு மடம் என்பதையும் பெண்ணுக்கு உரியதாகச் சேர்த்துவைத்த மரபு நம்முடையது. உரைகாரர்கள் மடத்துக்கு விளக்கம் சொல்லும்போது, பிறர் கற்பித்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது என்ற பொருளில் சொல்கிறார்கள். பெண்ணின் பருவப் பெயர்களில் முதலாவது பேதை. மடந்தை என்பதும் அப்படி ஒரு பெயர். அறியாமையை அணிகலனாகப் போட்டுக்கொள்ளச் சொல்லும் இந்தப் பழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. 1792இல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் இதையேதான் எழுதினார்: குழந்தைகள் களங்கமற்றவர்களாக இருக்கலாம், ஆனால் வளர்ந்த ஒருவரை அந்தச் சொல்லால் பாராட்டினால் அது பலவீனம் என்பதை நாகரிகமாகச் சொல்வதுதான். அவர் கேட்டது எளிமையான ஒன்று. தீமை எது என்று அறியாதவளால் நன்மையைத் தேர்ந்தெடுக்க முடியுமா? தேர்ந்தெடுக்காத நன்மைக்கு ஒழுக்கம் என்று பெயர் வைக்கலாமா?

பியா செய்யும் வேலையைப் பாருங்கள். பிரசவம் பார்க்கிற வேலைக்குள் இருப்பவள் அவள். கடற்கரை ஊரில் எல்லாம் தெரிந்தவள் என்றால் அது பிள்ளைப்பேறு பார்க்கிறவள்தான். எந்தக் குழந்தைக்கு யார் அப்பன், எந்தப் பெண்ணின் முதுகில் என்ன தழும்பு, எது தானாகக் கலைந்தது, எது கலைக்கப்பட்டது எல்லாம் அவளுக்குத் தெரியும். எதை வெளியில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுத்தாக வேண்டும். பாதிரியாருக்கு வரும் பாவசங்கீர்த்தனத்தைவிட அவள் காதுக்கு வருவது அதிகம். அந்த வேலையை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, அந்த வேலை தரும் அறிவை மட்டும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்வது எப்படிப்பட்ட கற்பனை? கையில் ரத்தம் இருக்கலாம், தலைக்குள் எதுவும் இருக்கக்கூடாது.

மறுப்பு ஒன்று வரும். களங்கமற்ற மனிதர் என்பது உலக இலக்கியத்தில் பழைய பாத்திரம்தானே, தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ இல்லையா என்று. இருக்கிறான். ஆனால் மிஷ்கின் அறியாதவன் அல்ல. எதிரே இருப்பவரின் வஞ்சத்தையும் வலியையும் அவன் மற்றவர்களைவிட முன்னதாகவே கண்டுகொள்கிறான், கண்டுகொண்டும் அன்பு செலுத்துகிறான், அதில் தோற்றும் போகிறான். நாவல் முழுக்க அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். ஆண் அசடனுக்கு இப்படி ஒரு மனசாட்சி கிடைக்கிறது, பெண்ணுக்குக் கிடைப்பது சிரிப்பும் வெள்ளை உடுப்பும். பியாவை மனநலம் சார்ந்த பாத்திரமாகப் பார்க்கலாமே என்றால், அதற்கும் படம் இடம் தரவில்லை. அதிர்ச்சியில் உறைந்த மனம் எப்படி இருக்கும், இரவில் என்ன செய்யும், எதைக் கண்டு மிரளும் என்பதில் அதற்கு ஆர்வமில்லை. அவளுடைய நோய் மற்றவர்களுக்கு ஆறுதலாகப் பயன்படுகிறது.

கடல் பற்றிய கதைகளில் இந்த ஏற்பாடு புதிதல்ல. தகழியின் ‘செம்மீன்’, பிறகு 1965இல் அது படமாக வந்தபோதும், கரையில் மனைவி கற்புடன் இருந்தால்தான் கடலில் கணவன் உயிரோடு இருப்பான் என்ற நம்பிக்கையின்மேல்தான் நின்றது. முத்துக்குளிப்பு பற்றி எங்கள் கரையில் ஒன்று சொல்வார்கள்: மூழ்குகிறவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்க வேண்டும். அக்காளோ தங்கையோ தாலி அறுப்பதை அவன் விரும்ப மாட்டான், அதனால் கயிற்றை விடமாட்டான். எனக்கு எப்போதும் இந்தப் பேச்சில் ஒரு வியப்பு. அந்தப் படகில் பெண் கிடையாது, ஆனால் படகின் நம்பிக்கை முழுவதும் அவள்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அவள் விதவையாகக்கூடும் என்பது அங்கே ஒரு ஜாமீன். அவளை யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

‘கடல்’ படத்தின் உச்சகட்டமும் அப்படி ஒரு படகுதான். கொந்தளிக்கும் கடல், மூன்று ஆண்கள். பெர்க்மான்ஸைக் கொல்வதா, காப்பாற்றுவதா? மகள்மேல் வைத்த பாசம்தான் சாத்தானாக இருக்க நினைத்தவனைக் கடைசியில் உடைக்கிறது. மன்னிப்பு வென்றுவிடுகிறது. இங்கேதான் எனக்குத் தத்துவமாகவே ஒரு தடை. சாமுக்கு இழைத்த கொடுமையை சாம் மன்னிக்கலாம், அது அவர் உரிமை. தாமஸுக்குச் செய்ததைத் தாமஸ் மன்னிக்கலாம். பியாவுக்குச் செய்ததை யார் மன்னிப்பது? அவள் சார்பில் வேறொருவர் மன்னித்தால் அதற்கு மன்னிப்பு என்றா பெயர்? மன்னிப்பதற்கு முதலில் கோபம் வேண்டும். தனக்கு நேர்ந்தது அநியாயம் என்று அறிந்து, அதைச் செய்தவனைக் கணக்குக் கேட்டு, அதற்குப் பிறகு விட்டுக்கொடுத்தால் அது மன்னிப்பு. கோபப்படவே தெரியாதவள் யாரையும் மன்னிக்க முடியாது. தண்டிக்கவும் முடியாது. அவளைப் பெண்ணாக வைத்திருந்தால் படத்தின் தீர்ப்பு சிக்கலாகியிருக்கும், குழந்தையாக வைத்ததால் சுலபமாகிவிட்டது.

வேறொரு கடற்கரைப் படம் நினைவுக்கு வருகிறது. 2022இல் வந்த சாம் மெண்டஸின் ‘எம்பயர் ஆஃப் லைட்’. இங்கிலாந்தில் களையிழந்த ஒரு சுற்றுலாக் கடற்கரை ஊர், 1980–81 வாக்கில், பழைய சினிமா தியேட்டர். மார்கேட் என்ற ஊரில் படம்பிடித்தார்கள். தியேட்டரில் வேலை பார்க்கும் ஹிலரி (ஒலிவியா கோல்மன்) மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவள், முதலாளி அவளைப் பயன்படுத்திக்கொள்கிறார். அங்கேயும் ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவு ஒவ்வொரு சட்டகத்தையும் வாழ்த்து அட்டை ஆக்கிவிடுகிறது. அங்கேயும் ஊரின் சிதைவும் பெண்ணின் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பொருத்தமான நிறத்தில் இருக்கின்றன. எனக்கு அந்தப் படமும் ஏமாற்றம்தான். ஆனால் ஒரு வித்தியாசம்: ஹிலரிக்குக் கோபம் வருகிறது. முதலாளியின் மனைவியிடமே உண்மையைப் போட்டு உடைக்கிறாள். நோயாளியின் கோபம் என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடலாம், ஆனால் அவள் சொல்வது உண்மை என்று நமக்குத் தெரியும். அந்தக் காட்சிக்காக நான் அந்தப் படத்தின் மற்ற அசட்டுத்தனங்களைப் பொறுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் சினிமாதானே என்று விட்டுவிடலாம் என்றால், எங்கள் ஊரில் விட முடியவில்லை. 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பதின்வயதுப் பெண் உண்டு, திரேஸ்புரத்தில் ஒரு தாயும் உண்டு. அதன்பின் எழுதப்பட்ட, பேசப்பட்ட இரங்கல்களில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: அப்பாவிகள். அன்புடன் சொன்ன சொல்தான், நானும் அன்று அதையே சொன்னவர்களோடு சேர்ந்து அழுதேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்த பெண்கள் ஒன்றும் அறியாமல் நடந்தவர்கள் அல்ல. தண்ணீர் பற்றி, காற்று பற்றி, பிள்ளைகளின் மூச்சுத்திணறல் பற்றி மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து பேசியவர்கள். அவர்கள் வெகுண்டுதான் போனார்கள், பழைய பொருளில். அவர்களுடைய சாவுக்கு நீதி கேட்க வேண்டுமென்றால் முதலில் அவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் என்று நாம் சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது. தெரிந்தே போனாள், கோபத்தோடு போனாள் என்றால் அவள்மேல் சுட்டது கொஞ்சம் நியாயமாகிவிடுமோ என்று நமக்குப் பயம். பாலியல் வழக்குகளிலும் இதே கதைதான். எவ்வளவு அறியாதவளோ அவ்வளவு அனுதாபம். கொஞ்சம் விவரமானவள் என்று தெரிந்தால் குறுக்கு விசாரணையின் குரலே மாறிவிடும்.

‘கடல்’ வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால், 2012 நவம்பர் இறுதியில், இதே கரையில் எடுத்த இன்னொரு படம் வந்தது. சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’. அதிலும் குறைகள் உண்டு. பாதிரியாரும் பாவியும் அங்கேயும் இருக்கிறார்கள், குடிகாரனைத் திருத்தும் நல்ல பெண் என்ற பழைய சரக்கும் இருக்கிறது. இளம் எஸ்தர் (சுனைனா) கிட்டத்தட்ட இன்னொரு பியாவாக ஆகியிருக்கக்கூடியவள். ஆனால் வயதான எஸ்தர் (நந்திதா தாஸ்) வேறு ஆள். கடலில் சுடப்பட்டு இறந்த கணவனின் உடலை வீட்டுக்குள்ளேயே புதைத்துவிட்டு, இருபத்தைந்து வருடம் அவனுக்காகக் காத்திருப்பவளைப் போல வாழ்கிறாள். எலும்புகள் வெளிப்பட்டதும் கொலைப் பழி அவள்மேல் வருகிறது. நீதிமன்றத்தில் நின்று, ஏன் புகார் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்கிறாள்.

நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். தலைவி கரையில் காத்திருந்து வருந்துகிறாள். எஸ்தரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஊர் அவளைக் காத்திருப்பவள் என்று நினைக்கிறது. அவள் காக்கவில்லை, அவளுக்கு முடிவு தெரியும். ஊர் நம்பும் இரங்கலை அவள் ஒரு போர்வையாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பெண்ணுக்கென்று மரபு கொடுத்த ஒரே வேலையை இப்படித் தன் ரகசியத்துக்குப் பயன்படுத்திக்கொண்ட வேறொரு தலைவியை நான் படித்ததில்லை.

அவள் செய்தது சரியா? இந்தக் கேள்வியைப் பிறகொரு நாள் அதே வகுப்பில் போட்டேன். அரசாங்கத்தின்மேல் நம்பிக்கையில்லாமல் புதைத்தது நியாயம்தான் என்றார்கள் பாதிப் பேர். இன்னொருத்தி, அப்பா மீன்பிடிக்கப் போகிறவர், ஒத்துக்கொள்ளவே இல்லை. சுட்டதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அதற்கடுத்து கடலுக்குப் போன மற்ற ஆண்களாவது எச்சரிக்கையாக இருந்திருப்பார்களே, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு எஸ்தர் என்ன பதில் சொல்வாள் என்று கேட்டாள். பெற்ற மகனிடமும் இருபத்தைந்து வருடம் பொய்தானே என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி. எஸ்தருக்காகப் பேச எழுந்தவளுக்கும் குரல் ஏறிவிட்டது. பியாவைப் பற்றிப் பேசிய நாளில் இப்படி யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.